எண்ணெய்ச் சொட்டின் ஊற்றுக்கண்

இரவு முழுவதும் நின்ற இடத்தை விட்டு மோட்டார் வண்டி காலையிலே புறப்பட்டுச் செல்கின்றது. அது நின்ற சீமெந்துத் தரையிலே உள்ளங்கையளவான கருவட்டம் ஒன்று எஞ்சிக் கிடக்கின்றது. பழைய வண்டி வைத்திருப்போருக்கு இக்காட்சி புதியதன்று. அவருள் ஒரு சாரார், "பழைய வண்டி என்றால் ஒழுகத்தானே செய்யும்" என்று கூறி, கண்டும் காணாதவர்போற் போய்விடுவர். மற்றொரு சாரார் அன்றே வண்டியைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்று, எஞ்சினைக் கழற்றுமாறு சொல்லிவிடுவர். முன்னவரிடம் அலட்சியம், பின்னவரிடம் அவசரம். ஆயினும் இரு சாராரும் செய்த பிழை ஒன்றே. எண்ணெய் விழுந்த இடத்தை அவர்கள் கண்டனர். அது புறப்பட்ட இடத்தைத் தேடவில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினில் எண்ணெய் கசியுமிடத்து, அதன் ஊற்றுக்கண்ணைக் கண்டறிவது எப்படி, கண்டறிந்தபின் அதனை அடைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். பொதுப்படப் பேசுவதிலும் ஒரு வண்டியை முன்னிறுத்திப் பேசுவது விளக்கத்துக்கு உதவும். ஆதலின் எம்.ஜி.ஏ. என்னும் ஆங்கில நாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளலாம்.

எம்.ஜி. என்பது ஒக்ஸ்போட் நகரிலிருந்த மொறிஸ் கராஜஸ் என்னும் நிலையத்தின் பெயரிலிருந்து பிறந்த இரண்டெழுத்து. அந்நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊரின் தொழிற்சாலையில் 1955 ஆம் ஆண்டு முதல் 1962 ஆம் ஆண்டு வரை எம்.ஜி.ஏ. வண்டிகள் 101,081 செய்யப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கடல்கடந்து, சிறப்பாக அமெரிக்காவுக்குச் சென்றன. இருவர் மாத்திரம் அமரக்கூடிய, தாழ்ந்த, அழகிய வண்டி அது. அதன் முதல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. வண்டியின் உருவம் புதிதாயினும் எஞ்சின் அதற்கென்றே தனியாகப் பிறந்ததன்று. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய குடும்ப வண்டிகளிலும், 1959 ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் அம்பாசடர் வண்டியிலும் இந்த எஞ்சினின் உடன்பிறப்புகளே இருந்தன. ஆகவே, எம்.ஜி.ஏ. வண்டியைக் கண்ணாற் காணாத நேயர்களும் அதன் எஞ்சினின் சுற்றத்தாரை நம் நாட்டு வீதிகளிற் கண்டிருத்தல் கூடும். ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கசிவை அறிய முன்னர், எண்ணெய் எஞ்சினுள்ளே செல்லும் வழியை அறிதல் வேண்டும். எஞ்சினின் அடியிலே சம்ப் எனப்படும் தொட்டி இருக்கின்றது. அதிலுள்ள எண்ணெயைப் பம்பி ஒன்று உறிஞ்சி, எண்ணெய் வடியினூடாகச் செலுத்தி, கிராங்குத்தண்டின் தாங்கிகளுக்கும் மேலே றொக்கர் என்னும் நெம்புகளுக்கும் அனுப்புகின்றது. எஞ்சின் சூடேறி ஓடும்போது அவ்வழியில் எண்ணெயின் அமுக்கம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50 இறாத்தலாக இருக்கும். வேலை முடிந்த எண்ணெய் பின்னர் எவ்வித அமுக்கமுமின்றி, கூரையிலிருந்து மழைநீர் வடிவதுபோலத் தானே வடிந்து சம்பை அடைகின்றது.

இவ்வழியை மனத்திற் கொண்டு பார்த்தால், எண்ணெய் வெளியேறக்கூடிய இடங்கள் மூன்று வகைப்படும். முதலாவது, எண்ணெய் அமுக்கத்தோடு செல்லும் குழாய்களும் அவற்றின் பொருத்துகளும். எண்ணெய் வடியின் வாய், எஞ்சினிலிருந்து அவ்வடிக்குச் செல்லும் வெளிக்குழாய், அமுக்கமானிக்குச் செல்லும் வளையுங் குழாய் என்பன இவ்வகையின. இரண்டாவது, அசையாத மூடிகளின் விளிம்புகள். உச்சியிலுள்ள றொக்கர் மூடி, இடப்பக்கத்திலுள்ள இரண்டு டப்பெற் மூடிகள், முன்பக்கத்துச் சங்கிலி மூடி, அடியிலுள்ள சம்ப் என்பவற்றின் ஓரங்களிலே தக்கையாலோ தடித்த கடதாசியாலோ ஆன கஸ்கட்டுகள் இடப்பட்டிருக்கும். மூன்றாவது, சுழலும் தண்டு எஞ்சினை விட்டு வெளிவரும் இரு முனைகள். முன்முனையிலே விசிறிப் பட்டியின் கப்பி இருக்கும். பின்முனையிலே பறக்குஞ்சில்லும் கிளச்சும் இருக்கும்.

இம்மூன்று வகைக்கும் நோயின் கடுமை வேறு, மருந்தும் வேறு. அமுக்கக் குழாய் வெடித்தால் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறித் தாங்கிகள் உருகிப்போகலாம். றொக்கர் மூடியின் கசிவு எஞ்சினை உடனே கெடுக்காது, எனினும் சூடான புகைபோக்கிக் குழாய்மேல் எண்ணெய் விழுமாயின் புகையும் எழும், தீயும் பற்றலாம். பின்முனைக் கசிவு மிகுந்தால் கிளச்சுத் தட்டிலே எண்ணெய் படிந்து, கிளச்சு வழுக்கத் தொடங்கும். எனவே எது கசிகின்றது என்னும் வினாவுக்கு விடை காணாது, எவ்வளவு அஞ்சவேண்டும் என்று எவராலும் கூற முடியாது.

எம்.ஜி.ஏ. வைத்திருப்போரிடையே அடிக்கடி நிகழும் பிழை ஒன்று உண்டு. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருமிடத்திலே, மணி போன்ற கூட்டின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுகின்றது. அதைக் கண்டவுடன், "பின்முனைத் தாங்கி போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும்" என்று தீர்ப்பு வழங்கப்படுகின்றது. இவ்வண்டியிலே கிளச்சையும் பின்முனையையும் அணுகவேண்டுமாயின் எஞ்சினை வெளியே தூக்கத்தான் வேண்டும். பல நாள் வேலை, பெருஞ் செலவு. எஞ்சின் இறக்கப்படுகின்றது, புதுக் கஸ்கட்டுகள் இடப்படுகின்றன, திரும்ப ஏற்றப்படுகின்றது. அடுத்த வாரம் அதே இடத்திலே அதே சொட்டு விழுகின்றது! உண்மையில் அந்த எண்ணெய் பின்முனையிலிருந்து வரவேயில்லை. உச்சியிலுள்ள றொக்கர் மூடியின் பின்மூலையிலே கஸ்கட் நழுவியிருந்தது. அங்கிருந்து கசிந்த எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியே மறைவாக வழிந்து, மணிக்கூட்டின் அடியை அடைந்து சொட்டிற்று. சில சதங்கள் பெறும் தக்கைத் துண்டு செய்த குற்றத்துக்கு எஞ்சின் முழுவதும் தண்டனை பெற்றது.

இத்தகைய பிழையைத் தவிர்ப்பதற்கு முதல் விதி: எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் நனைந்திருக்கும் இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடவேண்டும். நனைந்த பகுதியின் மிக உயர்ந்த, மிக முன்னான புள்ளி எதுவோ, அதுவே ஊற்றுக்கண்ணுக்கு அணித்தான இடம்.

இரண்டாவது விதி: துப்புரவு செய்யாத எஞ்சினில் எதையும் கண்டுபிடிக்க இயலாது. பல ஆண்டுகள் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்த எஞ்சினிலே எல்லா இடமும் ஈரமாகவே தோன்றும். எனவே எஞ்சின் ஆறியிருக்கும்போது, எண்ணெய்ப் பசை கரைக்கும் திரவத்தாலும் தூரிகையாலும் அதனை நன்கு கழுவித் துடைத்து, முற்றாக உலரவிடல் வேண்டும். மின்சாரப் பகுதிகளையும் காபரேற்றரின் வாயையும் முதலில் மூடிக்கொள்வது அவசியம். வண்டியின் கீழே செல்லவேண்டியிருந்தால் ஜாக்கியை மாத்திரம் நம்புதல் ஆகாது. உறுதியான இரும்புத் தாங்குகால்களின்மேல் வண்டியை நிறுத்திய பின்னரே கீழே செல்லவேண்டும். இதில் ஒருமுறை தவறினால் மறுமுறை என்பது இல்லை.

எஞ்சின் உலர்ந்தபின், ஐயமுள்ள இடங்களிலே முகத்துக்குப் பூசும் வெண்பவுடரை மெல்லியதாகத் தூவவேண்டும். பின்னர் வண்டியை ஓட்டாமல், நின்ற நிலையிலே எஞ்சினைச் சூடேறும்வரை இயக்கவேண்டும். வீதிக் காற்று இல்லாமையால் கசிந்த எண்ணெய் சிதறாது. வெண்பவுடரின்மேல் கருங்கோடாக வழிந்து தன் பிறப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். நின்ற நிலையில் ஒன்றும் தென்படாவிட்டால், சிறிது தூரம் ஓட்டிவந்து மீண்டும் பார்க்கவேண்டும். இதனாலும் அகப்படாத கள்வனுக்கு வேறொரு பொறி உண்டு. ஒளிரும் சாயம் சிறிதளவை எண்ணெயோடு கலந்து எஞ்சினை இயக்கி, பின்னர் இருட்டிலே ஊதாக் கடந்த ஒளிவிளக்கைப் பிடித்தால், கசிந்த எண்ணெய் பச்சை மஞ்சளாக ஒளிவிடும்.

மூன்றாவது விதி: வழிவது எந்த எண்ணெய் என்பதை அறிந்துகொள்ளவேண்டும். வண்டியின் கீழே இரவில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, சில்லுகள் நின்ற இடத்தைக் குறித்துவைத்தால், காலையில் அது ஒரு தேசப்படம்போல விளங்கும். வழுவழுப்பற்று நீர்போன்றிருப்பது றேடியேற்றர் நீராகலாம். சில்லின் உட்புறத்தில் வழுக்கும் தெளிந்த திரவம் விழுந்திருந்தால் அது பிறேக்குத் திரவம். அவ்வண்டியை அக்கணமே நிறுத்திவிடவேண்டும். எஞ்சின் எண்ணெய் விரைவிற் கறுத்துவிடும். எம்.ஜி.ஏ.யின் கியர்ப்பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெய் வகையையே ஊற்றுமாறு அதன் கைந்நூல் விதித்தது. ஆகவே மணிக்கூட்டிலிருந்து சொட்டுவது கியர்ப்பெட்டியின் எண்ணெயாகவும் இருக்கலாம். அது கறுக்காமல் தேன்நிறமாக இருப்பதே வேறுபாடு. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. இரண்டையும் வாரந்தோறும் பார்த்துக் குறித்துவந்தால், எது குறைகின்றதோ அதுவே ஒழுகுகின்றது என்பது தெளிவாகும்.

தரையிலுள்ள கறையின் பருமனைக் கண்டு நட்டத்தை அளத்தலும் பிழையாம். கணக்கு ஒன்று இதனை விளக்கும். 20 சொட்டுகள் ஒரு மில்லிலீற்றர் எனக் கொள்ளுவோர் கணக்கின்படி, ஓர் இரவிலே 40 சொட்டுகள் விழுந்தாலும் போனது 2 மில்லிலீற்றரே. ஒரு லீற்றர் குறைவதற்கு 500 இரவுகள் செல்லும். ஆனால் ஓடும்போது 15 மீற்றருக்கு ஒரு சொட்டு வீதம் விழும் வண்டி 150 கிலோமீற்றர் தூரத்திலே 10,000 சொட்டுகளைச் சிந்திவிடும். அஃது அரை லீற்றர். முன்னது தரையைக் கறைப்படுத்துகின்றது. பின்னது எவர் கண்ணுக்கும் படாமல் எஞ்சினை வறளச் செய்கின்றது. எனவே நம்பவேண்டியது கறையையன்று, அளவுகோலையே நம்பவேண்டும். அளவு குறைந்தும் எங்கும் ஈரமில்லையாயின், எண்ணெய் உள்ளே எரிகின்றது என்பது பொருள். புகைபோக்கியில் எழும் நீலப்புகை அதற்குச் சாட்சி.

இனி, பலரும் மறந்துவிடும் காரணம் ஒன்று உண்டு. எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. பிஸ்டன்களின் ஓரத்தால் எரிவாயு சிறிதளவு கீழே நழுவி, கிராங்குத்தண்டு சுழலும் அறையை அடைவது இயல்பு. அது வெளியேறாவிட்டால் அறையினுள்ளே அமுக்கம் கூடும். கூடவே, எங்கெங்கே சிறு இடுக்கு உண்டோ அங்கெல்லாம் எண்ணெயை வெளியே தள்ளும். எம்.ஜி.ஏ.யிலே இவ்வாயு வெளியேற இரண்டு வழிகள் உண்டு. றொக்கர் மூடியிலிருந்து காற்று வடிக்குச் செல்லும் றப்பர்க் குழாய் ஒன்று. முன் டப்பெற் மூடியிலிருந்து கீழ்நோக்கி வந்து வண்டியின் அடியிலே திறந்திருக்கும் குழாய் மற்றொன்று. வண்டி விரையும்போது அக்குழாயின் வாயைக் கடந்து செல்லும் காற்று உள்ளிருக்கும் வாயுவை இழுத்துவிடும். இக்குழாய் கரியாலும் சேற்றாலும் அடைபட்டிருந்தால், புதுக் கஸ்கட்டுகளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. ஓரிடத்தை அடைத்தால் எண்ணெய் வேறோரிடத்தால் வரும்.

ஆதலால் எந்தக் கஸ்கட்டையும் மாற்ற முன்னர், இரு குழாய்களையும் கழற்றி உட்புறத்தைத் துப்புரவு செய்யவேண்டும். பின்னர் எஞ்சின் மெல்ல ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். மெல்லிய ஆவி எழுவது குற்றமன்று. புகை குபுகுபுவெனத் துடித்து வெளிவருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று ஐயுறலாம். ஐயத்தைத் தீர்க்க, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளக்கவேண்டும். நான்கும் ஒன்றையொன்று ஒத்திருத்தல் நலம். ஒரு சிலிண்டர் மிகக் குறைந்திருந்தால் அதனுள்ளே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அமுக்கம் உயர்ந்தால் குற்றம் வளையத்தில். உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில். வளையங்கள் தேய்ந்த எஞ்சினுக்குக் கஸ்கட் மாற்றுவது, காய்ச்சற்காரனின் நெற்றி வியர்வையைத் துடைப்பது போன்றதாகும்.

ஊற்றுக்கண் தெரிந்தபின் திருத்தம் பெரும்பாலும் எளிது. எளிதான இடத்திலேதான் அவசரமும் மிகும். மூடி ஒழுகுகின்றது என்றவுடன் ஸ்பனரை எடுத்து இன்னும் இறுக்குவதே பலரின் வழக்கம். றொக்கர் மூடி மெல்லிய தகட்டால் ஆனது. அதனை இரண்டு நட்டுகளே பிடித்திருக்கின்றன. மிகையாக இறுக்கினால் தகடு வளையும். தக்கை நசுங்கி வெளியே பிதுங்கும். முன்னர் கசிந்தது பின்னர் ஒழுகும். கைந்நூல் கூறும் இறுக்கம் ஏறக்குறைய 4 அடி இறாத்தல் மாத்திரமே. டப்பெற் மூடிகளுக்கு அதனினும் குறைவு. மணிக்கட்டின் பலம் போதும். தோளின் பலம் வேண்டியதில்லை.

முறையான வேலை இவ்வாறு நடக்கவேண்டும். மூடியைக் கழற்றி, பழைய தக்கையையும் பசையையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுக்கவேண்டும். சுரண்டிய துகள் எஞ்சினுள்ளே விழாதவாறு துணியால் மறைத்துக்கொள்ளல் வேண்டும். மூடியைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்தால் அதன் கோணல் தெரிந்துவிடும். போல்ட்டுத் துளைகளைச் சுற்றித் தகடு புடைத்திருந்தால், கட்டையின்மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்தவேண்டும். பின்னர் புதுத் தக்கையை மூடியோடு பசையிட்டு ஒட்டி, எஞ்சினைத் தொடும் பக்கத்துக்குச் சிறிது கிறீஸ் மாத்திரம் தடவிப் பொருத்தவேண்டும். அடுத்த முறை கழற்றும்போது தக்கை கிழியாது. நட்டுகளின் கீழுள்ள றப்பர்களையும் போல்ட்டுகளின் வளையத் தகடுகளையும் புதுப்பிக்க மறத்தல் ஆகாது; அவ்வழியாலும் எண்ணெய் வெளிவரும். சிலர் சிலிக்கன் பசையை அள்ளி அப்பிவிடுவர். வெளியே பிதுங்கிய பசை கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கிய பசை தெரியாது. அது துண்டாக உடைந்து விழுந்து, பம்பியின் உறிஞ்சு வலையை அடைத்துவிட்டால், சிறு கசிவுக்குச் செய்த மருந்தே எஞ்சினுக்கு நஞ்சாகிவிடும்.

எண்ணெய் வடியை மாற்றும்போது ஒரு சிறு கவனம் வேண்டும். அதன் தலையிலுள்ள பள்ளத்திலே றப்பர் வளையம் ஒன்று இருக்கும். பழைய வளையம் எண்ணெயில் ஊறிக் கறுத்துப் பள்ளத்தோடு ஒட்டியிருப்பதால், அது இருப்பதே தெரியாமற் போகலாம். அதன்மேல் புது வளையத்தை வைத்துவிட்டால், அமுக்கம் ஏறியவுடன் எண்ணெய் பீறிடும். வளையும் அமுக்கக் குழாயிலே வெடிப்போ வீக்கமோ தென்பட்டால், கசியும்வரை காத்திராமல் மாற்றிவிடவேண்டும். முன்பக்கத்துச் சங்கிலி மூடியைப் பொருத்தும்போது அதன் திருகாணிகளைத் தளர்வாக விட்டு, கப்பியை உள்ளே செலுத்தி, அடைப்பு வளையம் தண்டின் நடுவிலே தானே அமர்ந்தபின்னர் இறுக்கவேண்டும். முதலிலே இறுக்கினால் வளையம் ஒருபுறம் நசுங்கி, மறுபுறம் கசியும். சம்பின் இரு முனைகளிலும் வளைந்த தக்கைத் துண்டுகள் உண்டு. அவை தம் பள்ளத்திலே சரியாக அமர்ந்தனவா என்று பார்த்த பின்னரே சம்பைத் தூக்கிப் பூட்டவேண்டும்.

இறுதியாகப் பின்முனை. எம்.ஜி.ஏ.யின் எஞ்சினிலே இவ்விடத்தில் றப்பரால் ஆன அடைப்பு வளையம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகத் தண்டின்மேலே திருகாணியின் மரை போன்ற வரி வெட்டப்பட்டிருக்கின்றது. தண்டு சுழலும்போது அம்மரை வெளியேற முயலும் எண்ணெயைத் திரும்ப உள்ளே இழுத்து, ஒரு துளை வழியே சம்புக்கு அனுப்பிவிடும். தண்டு நின்றால் மரையும் நிற்கும். ஆகவே எஞ்சினை நிறுத்தியபின், சிறப்பாக முன்பக்கம் உயர்ந்த சரிவிலே வண்டியை விட்டால், சில சொட்டுகள் வெளியேறுவது இவ்வமைப்பின் இயல்பு. செய்தவர்களும் இதனை அறிந்தேயிருந்தனர். மணிக்கூட்டின் அடியிலே வடிகால் துளையொன்றை வைத்து, அது அடைபடாதவாறு ஆடும் பிளவூசி ஒன்றையும் அதிற் செருகிவிட்டனர். எண்ணெய் கிளச்சில் தேங்குவதிலும் தரையில் விழுவது நன்று என்பது அவர்கள் கருத்து. அதனை அறியாதவர் அத்துளையை அடைத்துவிட்டுக் கசிவு நின்றது என்று மகிழ்வர். சில நாளில் கிளச்சு வழுக்கத் தொடங்கும்.

றப்பரை ஊறச்செய்து கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் மருந்துகளை இவ்விடத்துக்காக எண்ணெயில் ஊற்றுவதும் பயனற்றது. ஊறுவதற்கு அங்கே றப்பர் இருந்தாலன்றோ! எம்.ஜி.ஏ.க்குப் பின்வந்த எம்.ஜி.பி. வண்டியிலே 1964 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐந்து தாங்கிகளையுடைய எஞ்சின் புகுத்தப்பட்டபோதுதான் பின்முனைக்கு அடைப்பு வளையம் வந்தது. இன்று பழைய எஞ்சினுக்கும் அத்தகைய வளையத்தைப் பொருத்த உதவும் உறுப்புகள் விற்பனைக்கு உண்டு. ஆயினும் அதற்காக மாத்திரம் எஞ்சினை இறக்குதல் அறிவுடைமையன்று. மூச்சுக்குழாய்கள் துப்புரவாயிருந்து, மேலிருந்து எதுவும் வழியாதென்பது உறுதியாகி, கிளச்சு நன்றாகப் பிடித்து, அளவுகோலும் அதிகம் இறங்காதிருந்தால், கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு இருக்கலாம். கிளச்சு மாற்றவோ தாங்கிகளைப் புதுப்பிக்கவோ எஞ்சின் வெளியே வரும் நாளில் அவ்வேலையையும் சேர்த்துச் செய்யலாம். கிளச்சு வழுக்கினாலோ, ஓடும்போது எண்ணெய் விரைந்து குறைந்தாலோ தாமதித்தல் தகாது.

தட்டிலே சேர்ந்த எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஓடிக் கறுத்த எஞ்சின் எண்ணெய் தோலுக்குத் தீங்கு செய்வது. நெடுநாள் படிந்தால் புற்றுநோய்க்கும் வழியாகலாம். கையுறை அணிந்தே அதனைக் கையாளவேண்டும். அதனை வேலியோரத்தில் ஊற்றிவிடுதல் கொடிது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மக்கள் பருகுவது சுண்ணக்கற் பாறையினூடே ஊறும் கிணற்று நீர். அப்பாறை எதனையும் தடுத்து நிறுத்தும் இயல்புடையதன்று. 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்துச் சுற்றுப்புறக் கிணறுகளிலே எண்ணெய் கலந்தமை பற்றி எழுந்த கவலையை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. பழைய எண்ணெயை மூடிய கலத்திலே சேர்த்து, அதனை ஏற்று முறையாக அகற்றும் நிலையத்திடம் ஒப்படைத்தலே கடமை.

எம்.ஜி.ஏ. வண்டி பிறந்த அபிங்டன் தொழிற்சாலை 1980 ஆம் ஆண்டிலே மூடப்பட்டுவிட்டது. அவ்வண்டிகளுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓடவைத்திருப்பது புது உறுப்புகள் மாத்திரமன்று. கழுவி, உலரவிட்டு, மேலும் முன்னும் நோக்கி, ஒன்றை மாற்றிவிட்டு அதன் பயனைப் பார்த்த பின்னரே மற்றொன்றைத் தொடும் பொறுமையே அவற்றின் ஆயுள். நாடி பிடித்துப் பாராமல் மருந்தரைக்கும் வைத்தியரிடம் எவரும் தம் பிள்ளையை ஒப்படைப்பதில்லை. அறுபது ஆண்டு கடந்து உழைக்கும் எஞ்சினுக்கும் அந்த நீதி கிடைக்கவேண்டும். நாளைக் காலையில் தரையிலே கருவட்டம் ஒன்றைக் காண்பவர், ஸ்பனரைத் தேட முன்னர் ஒரு துணியையும் ஒரு கைவிளக்கையும் தேடுவாராயின், அவருடைய திருத்தத்திற் பாதி அப்பொழுதே முடிந்துவிடும்.